எஃப்1 வரி பிறந்த கதை

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருக்கிறது மணிமங்கலம். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. இன்று விடிந்ததும் அந்தச் சாலையை நிறைப்பவை ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள். அந்த ஆட்களை நம்பித்தான் சாலையோரத்து ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும் பிழைக்கின்றன. ரெஸ்யூம் அடிக்க, பிஎஃப் கணக்கு பார்க்க, ஆதார் நகல் எடுக்க, சிட்டா எடுக்க, ரயில் டிக்கெட் போட என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப் உழைக்கிறது.

இப்படிப்பட்ட கடைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஷட்டரைத் தூக்கி, மெயின் போட்டு, யுபிஎஸ்ஸை ஆன் செய்து, சிபியு பொத்தானை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்றோ ‘டேட் அண்ட் டைம் நாட் செட்’ என்றோ இருக்கும். அதற்கடியில் ‘பிரஸ் எஃப்1 டு கன்டினியூ’. கடைக்காரர் படிக்காமலேயே எஃப்1ஐத் தட்டுவார், விண்டோஸ் திறந்துகொள்ளும். மறுநாள் காலையும் அதே வரி, அதே தட்டல். சில மாதம் கழித்து ஒருநாள் எஃப்1ஐத் தட்டியும் விண்டோஸ் வராது, நீலத் திரை வரும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, “ஃபார்மட் போட்டுடலாம்ணா” என்பார். வாடிக்கையாளர் கோப்புகள், டாலி கணக்கு, பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதோடு போகும்.

இந்த இழப்பில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த வெள்ளை எழுத்து வரி எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், அது தினமும் என்ன கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கணினிகள் தொடக்கத்திலிருந்தே இப்படி வாய் திறந்து பேசியவை அல்ல. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி வந்தது. குளிரூட்டிய கூடம், அதை இயக்கவென்றே பயிற்சி பெற்ற ஆட்கள், பழுது பார்க்கக் கம்பெனிப் பொறியாளர்கள். அந்த எந்திரம் கோளாறைச் சொன்னால் கேட்பவருக்கு அதன் மொழி தெரியும். சாதாரண மனிதன் அதன் முன்னால் உட்கார வேண்டிய தேவையே வரவில்லை.

சாதாரண மனிதனுக்கென்று வந்த முதல் கணினிகளில் பேர்போனது ஆல்டேர் 8800. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் அதன் படம் வந்தது. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே சின்னச் சிவப்பு விளக்குகள். மின்சாரம் போட்டால் அதன் நினைவகத்தில் எதுவும் இருக்காது. முதல் சில கட்டளைகளை ஒவ்வொரு முறையும் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி மனிதன்தான் ஊட்ட வேண்டும். ஒரு சுவிட்ச் மாறினால் எந்திரம் சும்மா இருக்கும். ஏன் சும்மா இருக்கிறது என்பதை விளக்குகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

நம் கதையின் நாயகி பிறப்பதற்கான வீடு 1981 ஆகஸ்ட் 12 அன்று தயாரானது. அன்றைக்கு ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில், ஃப்ளோரிடா மாநிலத்தின் போக்கா ரட்டோனில், ஏறக்குறைய ஓராண்டுக்குள் செய்து முடித்த வேலை அது. அவசரத்துக்குச் சந்தையில் கிடைத்த உதிரிகளையே எடுத்துக்கொண்டார்கள். இன்டெலின் 8088 சிப், வெளியார் செய்த ஃப்ளாப்பி டிரைவ், ஐந்து விரிவாக்க இடங்கள். மூடியைத் திறந்து வாங்கியவரே நினைவக அட்டை செருகலாம், திரை அட்டை மாற்றலாம். எவ்வளவு நினைவகம், எத்தனை டிரைவ் என்பதைப் போர்டின் மீதிருந்த குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளிச் சொல்ல வேண்டும். இவ்வளவு உரிமை கொடுத்தபிறகு, ஒன்று சரியாக உட்காரவில்லை என்றால் அதை வாங்கியவருக்கே சொல்லவும் வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பை 8 கிலோபைட் அளவுள்ள ஒரு நிரலிடம் கொடுத்தார்கள். பயாஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். அதை எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிராட்லி. அந்தத் திட்டத்தின் முதல் பன்னிரண்டு பொறியாளர்களில் ஒருவர்.

அந்த நிரல் செய்த சோதனையின் வரிசைதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மின்சாரம் வந்ததும் முதலில் அது தன்னையே சோதிக்கிறது. சிப்புக்குள் இருக்கும் பதிவேடுகள் எழுதியதைத் திருப்பித் தருகின்றனவா? பிறகு, தான் எழுதப்பட்டிருக்கும் ரோம் சிதையாமல் இருக்கிறதா? பிறகு டைமர், பிறகு நினைவகத்தின் முதல் 16 கிலோபைட். இதுவரை ஒன்று தவறினாலும் அதனால் எதுவும் சொல்ல முடியாது. பேச வாயே இன்னும் வரவில்லை, அப்படியே நின்றுவிடும். அடுத்த கட்டத்தில் ஸ்பீக்கர் கிடைக்கிறது. திரை அட்டை பழுதென்றால் ஒரு நீள ஒலி, இரண்டு குறு ஒலி. எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குறு ஒலி. திரை உயிர் பெற்ற பிறகுதான் எழுத்து. அதுவும் முதலில் எண்ணாக வந்தது. 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் ஃப்ளாப்பி. இன்றைக்கும் ஒரு டெஸ்க்டாப் சத்தமே இல்லாமல் செத்துக் கிடக்கிறதா, ‘பீப்’ அடிக்கிறதா, எழுத்துக் காட்டி நிற்கிறதா என்பதை வைத்தே பழுது எந்தப் படியில் என்று சொல்லிவிடலாம். எழுத்து வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சிப், ரோம், முதல் நினைவகம், திரை எல்லாம் தேறிவிட்டன என்று பொருள்.

ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சுயசோதனையில் தொழிற்சாலை லைனுக்கென்றே ஒரு தனி வழி வைக்கப்பட்டிருந்தது. சோதனைக் கருவியை மாட்டிவிட்டால் எந்திரம் அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே இருக்கும். டெஸ்டிங் ஸ்டேஷனில் நிற்பவர் போர்டு தேறுகிறதா என்று பார்க்கலாம். நம் கடை மேசையில் தினமும் நடக்கும் சோதனை, லைனில் கடைசியாக நடந்த சோதனையின் தொடர்ச்சிதான்.

கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒன்றாக அமுக்கும் வித்தையும் இதே சோதனையின் பக்க விளைவாகத்தான் வந்தது. நிரல் எழுதும்போது எந்திரம் அடிக்கடி உறைந்துபோகும். அணைத்துப் போட்டால் நினைவகச் சோதனை முழுவதும் மறுபடி ஓடும், நேரம் போகும். சோதனையைத் தாண்டி நேராகத் தொடங்க பிராட்லி இந்த மூன்று விசை வழியை வைத்தார். அப்படித் தொடங்கும்போது நினைவகத்தின் ஓரிடத்தில் 1234 என்ற எண் எழுதப்படும். அந்த எண் இருந்தால் ‘இது மறுதொடக்கம், நினைவகத்தை எண்ண வேண்டாம்’ என்று பயாஸ் புரிந்துகொள்ளும். உள்ளே வேலை செய்தவர்களின் வசதிக்குச் செய்த சிறு வழி, உலகமெல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது.

ஆனால் 1981இன் எந்திரத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதற்கு நேரம் தெரியாது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு நாளும் டாஸ் தொடங்கும்போது ‘1980 ஜனவரி 1, செவ்வாய்’ என்று காட்டிச் சரியான தேதியை அடிக்கச் சொல்லும். அடுத்து நேரத்தைக் கேட்கும். பொறுமையில்லாதவர்கள் என்டரைத் தட்டிவிட்டுப் போனதால், அந்தக் காலக் கோப்புகள் பலவற்றில் 1980 ஜனவரி 1 என்ற தேதியே பதிந்து கிடக்கிறது.

1984 ஆகஸ்டில் ஐபிஎம் அடுத்த எந்திரத்தைக் கொண்டுவந்தது. பெயர் ஏடி. இதில் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சிப் இருந்தது. கடிகாரமும், 64 பைட் அளவுள்ள துளி நினைவகமும் ஒரே சிப்பில். சிமாஸ் வகையில் செய்யப்பட்டதால் மிகக் குறைந்த மின்சாரமே அதற்குப் போதும். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை துடிப்பது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும், நொடி கிடைத்துவிடும். எந்திரம் அணைந்திருக்கும்போதும் இந்தச் சிப் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு லித்தியம் பேட்டரியைப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டுத்துணியால் ஒட்டிவைத்தார்கள். குட்டிச் சுவிட்சுகள் சொல்லிக்கொண்டிருந்த நினைவக அளவும், கூடவே டிரைவ் வகை, ஹார்டு டிஸ்க் வகை போன்ற விவரங்களும் இந்த 64 பைட்டுக்குள் குடியேறின.

பேட்டரியை நம்பினால், பேட்டரி தீர்ந்த நாளில் என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கு ஏடியைச் செய்தவர்கள் இரண்டு காவல் வைத்தார்கள். ஒன்று, மின்சாரம் ஒருமுறையாவது அறுந்ததா என்று காட்டும் ஒரு குறி. இன்னொன்று கூட்டுத்தொகை. மளிகைக் கடைச் சீட்டின் அடியில் கூட்டிப் போடுவதைப் போல, அமைப்புகள் இருக்கும் முப்பது பைட்டுகளையும் கூட்டி, அந்தத் தொகையை அடுத்த இரண்டு பைட்டில் எழுதிவைப்பார்கள். காலையில் பயாஸ் மறுபடி கூட்டிப் பார்க்கும். தொகை இடித்தால், உள்ளே இருக்கும் விவரத்தை நம்பக் கூடாது என்று பொருள். செக்சம் எரர் என்பது இந்தக் கணக்கு இடிப்பதுதான்.

இடித்தால் எந்திரத்தை அடியோடு நிறுத்திவிடலாம். பாதுகாப்பான வழி அது. சொல்லாமல் மேலே போயும்விடலாம். வசதியான வழி அது. ஏடி இரண்டையும் செய்யவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தால் 161, தொகை இடித்தால் 162 என்ற எண்ணோடு ‘சிஸ்டம் ஆப்ஷன்ஸ் நாட் செட், ரன் செட்டப்’ என்று எழுதியது. நேரம் மட்டும் தவறியிருந்தால் 163 என்ற எண் வரும். கீழே, ‘ரெஸ்யூம் = எஃப்1 கீ’. குறையைச் சொல்லும், மனிதன் பார்த்துவிட்டதாக ஒரு விசையைத் தட்டும் வரை காத்திருக்கும், பிறகு முடிந்தவரை வேலையைத் தொடரும். அன்றைய விசைப்பலகையில் எஃப் விசைகள் இடது ஓரத்தில் இரண்டு நிரலாக இருந்தன. அவற்றின் தலைமாட்டில் எஃப்1. நாற்பது ஆண்டுகளாக உலகம் தட்டிக்கொண்டிருக்கும் வரி இதுதான். பார்த்துவிட்டுத் தட்டு என்பதற்காக வந்த வரி அது. பார்க்காமல் தட்டும் பழக்கம் பின்னால் நாம் சேர்த்துக்கொண்டது.

‘கீபோர்டு எரர், எஃப்1ஐ அமுக்கு’ என்று வருவதைப் பலர் பொருந்தாத பேச்சென்று எண்ணுகிறார்கள். உண்மையில் அதற்கும் காரணம் உண்டு. விசைப்பலகைச் சோதனை தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். கழன்றிருந்த கேபிளைச் செருகியபின் எஃப்1 வேலை செய்தால் கோளாறு சரியாயிற்று என்பதற்கு அதுவே சான்று.

இந்த வரி ஐபிஎம் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் மணிமங்கலம் வரை வந்திருக்காது. ஐபிஎம் தன் பயாஸ் நிரலை முழுவதும் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் உரிமை அவர்களுடையது, அப்படியே நகலெடுக்க முடியாது. காம்பாக் நிறுவனம் அந்த நிரலைப் பார்க்காத ஆட்களை வைத்து, அது என்ன செய்கிறது என்ற விவரத்தை மட்டும் கொடுத்து, புதிதாக எழுத வைத்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதேபோல் எழுதிய பயாஸை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விற்கத் தொடங்கியது. 1985இல் சுப்பிரமணியன் சங்கர், பேட் சர்மா என்ற இருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏஎம்ஐ என்று திரையில் வருவது அதன் சுருக்கம். முதலில் முழு மதர்போர்டே செய்தார்கள். அதற்கு முதல் வாடிக்கையாளராக வந்தது டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர் தொடங்கிய ‘பிசீஸ் லிமிடெட்’ என்ற சிறு நிறுவனம். அந்த மாணவர் மைக்கேல் டெல். நிறுவனம் பின்னால் டெல் கம்ப்யூட்டர் ஆயிற்று. 2007இல் டெல் தன் இந்தியத் தொழிற்சாலையை ஸ்ரீபெரும்புதூரில் திறந்தது. ஏஎம்ஐக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. மணிமங்கலத்திலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் போர்டு மாட்டி, சோதித்து, பெட்டியில் அடைக்கும் வட்டாரத்துக்கு இந்தக் கதை இப்படிச் சுற்றி வந்து சேர்ந்தது.

ஏஎம்ஐ செய்த ஒரு மாற்றம் நம்மூர்க் கடைகளுக்குப் பெரிய உதவி. ஐபிஎம் ஏடியில் அமைப்புகளை மாற்ற ஒரு தனி ஃப்ளாப்பி வேண்டும்; அது தொலைந்தால் தலைவலிதான். ஏஎம்ஐ அந்தச் செட்டப் திரையை ரோமுக்குள்ளேயே வைத்தது. டெலீட் விசையைத் தட்டினால் போதும். எண்களாக இருந்த கோளாறுகளும் சொற்களாக மாறின. 161 என்பது ‘சிமாஸ் பேட்டரி லோ’ ஆயிற்று. பேட்டரியும் உருமாறிக்கொண்டே வந்தது. இடையில் போர்டிலேயே பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கசிந்து எத்தனையோ போர்டுகளை அரித்தன. கடைசியில் நிலைத்தது சிஆர்2032 என்ற காசு வடிவச் செல். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தச் செல்லின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரச் சிப் எடுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். ஐந்து மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு. ஆனால் இது செல் மட்டுமே சுமக்கும்போது. 1995க்குப் பின் வந்த ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ், சுவரில் செருகியிருக்கும் வரை கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட்டைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது செல்லுக்கு வேலையே இல்லை. அலுவலகங்களில் ஒரே செல் ஏழெட்டு வருடம் வருவது இதனால்தான். நம் கடைகளிலோ இரவில் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறோம். மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், தீப்பயம் எல்லாவற்றையும் பார்த்தால் அது சரியான பழக்கம்தான். அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் இரவு முழுவதும், ஞாயிறு முழுவதும், பொங்கல் விடுமுறை முழுவதும் அந்தக் காசுச் செல்தான் கடிகாரத்தைத் தூக்கிச் சுமக்கிறது. தகரக் கூரையின் வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். பகலில் ரீஸ்டார்ட் செய்தால் வராத வரி, காலையில் மட்டும் வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், செல்தான்.

செல் தீர்ந்தால் நேரம் மட்டும்தானே போகும், கைப்பேசியில் மணி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, தேதி. போர்டு தயாரான ஆண்டையொட்டிய ஏதோ ஒரு பழைய தேதிக்குக் கடிகாரம் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்றுதான் செல்லும். கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் தளம் திறக்காது. ‘நெட் போச்சு’ என்று கேபிள்காரருக்குப் போன் போகும். விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்றால், தனிக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அது திருத்த மறுத்துவிடும். வருடக்கணக்கில் தவறிய கடிகாரத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். பில்லில் தவறான தேதி விழுந்தால் அது வேறு வம்பு.

இரண்டாவது, அமைப்புகள். கூட்டுத்தொகை இடித்ததும் பயாஸ் பழைய விவரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, கம்பெனி வைத்த இயல்பு அமைப்புகளை ஏற்றிக்கொள்ளும். ‘டிஃபால்ட்ஸ் லோடட்’ என்று வருவது அதுதான். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத எந்திரத்தில் ‘ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில்’ என்று வருவதும் இதனால்தான். பழைய போர்டுகளின் இயல்பு அமைப்பில் ஃப்ளாப்பி இருப்பதாகவே எழுதியிருக்கும். அது பரவாயில்லை. ஹார்டு டிஸ்க்கை எந்த முறையில் பேசவைப்பது என்ற அமைப்பும் கூடவே மாறிவிடுவதுதான் ஆபத்து. விண்டோஸை நிறுவியபோது ஏஹெச்சிஐ முறையில் இருந்தது, இப்போது ஐடிஇ முறைக்கோ ரெய்டு முறைக்கோ தாவிவிட்டது என்று வையுங்கள். விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நீலத் திரையில் 0x0000007பி என்று எழுதி விழும். மறுபடி தொடங்கும், மறுபடி விழும். புதிய எந்திரங்களில் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு தொடக்க முறைகள் மாறிக்கொண்டால் ‘பூட் டிவைஸ் கிடைக்கவில்லை’ என்று வரும். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை, விண்டோஸிலும் இல்லை, கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. செட்டப் திரைக்குப் போய் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி வைத்தால் அடுத்த நிமிடம் எல்லாம் திரும்பிவிடும். சில பத்து ரூபாய்ச் செல்லில் முடிய வேண்டிய வேலைக்கு ஃபார்மட் போட்டுக் கணக்கையும் படங்களையும் அழிப்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம். ஃபார்மட் போட்ட பிறகும் செல் அதே செல். அடுத்த நீண்ட விடுமுறைக்குப் பின் வரி மறுபடி வரும்.

எல்லாத் தொடக்கக் கோளாறும் செல்லால் வருவதல்ல. திரை வராமல் பீப் மட்டும் தொடர்ந்து அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ராம் என்ற நினைவக அட்டை. இதில் நம்மூர் மழைக்கும் பங்கு உண்டு. மணிமங்கலம் ஏரியின் உபரிநீர் ஆதனூர், முடிச்சூர் பக்கமாக அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் நேராகப் படாவிட்டாலும் மழைக்கால ஈரமும் சாலைப் புழுதியும் ராமின் தொடுமுனைகளில் படியும். கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, உறுதியாக அமுக்கிச் செருகும் நம் கடைக்காரர்களின் கைவைத்தியத்துக்குப் பலன் உண்டு. அழுத்தித் தேய்த்தால் மட்டும் தங்கப் பூச்சு போய்விடும். ‘சிபியு ஃபேன் எரர்’ என்று வந்தால் அது அவசரம். எஃப்1ஐத் தட்டி ஓட்டக் கூடாது.

எழுத்து, ஒலி எல்லாம் தாண்டி விண்டோஸ் சின்னம் வந்தபின் விழுந்தால் பழுது பயாஸில் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான ஒரு புதுப்பிப்புக் கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் எந்திரங்கள் விழுந்தன. அவற்றில் பல விழுந்து எழுந்து மறுபடி விழுந்துகொண்டே இருந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விபத்துக்கும் மருந்து ஃபார்மட் அல்ல. சேஃப் மோடில் தொடங்கி அந்த ஒரு கோப்பை நீக்குவதுதான் மருந்தாக இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு முறை கரண்ட் போனால், அது தனக்கு நோய் என்று எண்ணி ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ திரைக்குப் போகும். யுபிஎஸ் பேட்டரி செத்த கடைகளில் இதைப் பார்க்கலாம். மாற்ற வேண்டியது யுபிஎஸ் பேட்டரியை.

இன்றைய யூஇஎஃப்ஐ எந்திரங்களில் கறுப்புத் திரைக்குப் பதில் கம்பெனிச் சின்னம் வருகிறது. சோதனை சில நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் போர்டுகள் பெரும்பாலானவற்றிலும் அதே 32,768 துடிப்புப் படிகமும் அதே சிஆர்2032 செல்லும் இருக்கின்றன. வரி இன்னும் ஓய்வுபெறவில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்தமுறை அந்த வரி வந்தால் தட்டுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். செட்டப் திரைக்குள் போய் டிஸ்க் முறை, தொடக்க முறை இரண்டையும் எந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே படம் எடுத்து வையுங்கள். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டுச் செல்லை மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பழைய செல்லைக் குழந்தை எடுக்கும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் சிபியு பெட்டியின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். இதெல்லாம் செய்தும் எந்திரம் எழவில்லை என்றால் மட்டும், அதுவும் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு, ஃபார்மட்டுக்குச் சம்மதியுங்கள்.